சோப்பைத் தின்னும் தண்ணீர்: தெரியுமா உங்களுக்கு?

ஒரு பக்கெட் போர் தண்ணீர், நீங்கள் துணியை முக்குவதற்கு முன்பே 18 கிராம் சோப்பைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். தெரியுமா? கதையல்ல, கணக்கு! தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகளில் இது ஒன்றும் அதிசயமான அளவல்ல. அந்தத் தண்ணீரில் பத்து லிட்டர் எடுத்தால், அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பைக் கட்டிப்போடுவதற்கே சுமார் 18 கிராம் சுத்தமான சோப்பு செலவாகும். அதுவரை நுரை என்ற பேச்சுக்கே இடமில்லை. திரிதிரியாக வெள்ளைப் பிசுக்கு மிதக்கும். பக்கெட் விளிம்பில் வளையமாக ஒட்டும். அவ்வளவுதான். கடினத்தன்மை 600 என்றால் 36 கிராம்!

அந்தப் பிசுக்கும் சோப்புதான் என்பது தெரியுமா? சோப்பு என்பது கொழுப்பு அமிலமும் சோடியமும் சேர்ந்த பொருள். தண்ணீரில் கால்சியத்தைக் கண்டதும் அது சோடியத்தைக் கைவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறப்பது கால்சியம் சோப்பு. தண்ணீரில் கரையாது, அழுக்கையும் எடுக்காது. குளியலறை டைல்ஸில் எத்தனை தேய்த்தாலும் போகாத அந்த மங்கலில் பாதி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சோப்பு!

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 500 லிட்டர் தண்ணீர் புழங்குகிறது என்றால், அதே 300 மில்லிகிராம் கணக்கில் தினம் 150 கிராம் கல் உங்கள் குழாய்களுக்குள் ஓடுகிறது. வருஷத்துக்குச் சுமார் 55 கிலோ! கண்ணுக்குத் தெரியாமல், கண்ணாடிபோல் தெளிவாக. பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடுவதால் நாம் பிழைத்தோம். தங்கிவிடும் கொஞ்சம்தான் ஷவர் துளையை அடைத்து, கீசரைக் கெடுத்து, வாஷிங் மெஷினுக்கு வேலை வைக்கிறது.

கல் எங்கிருந்து வந்தது?

வானத்திலிருந்து விழும்போது மழைநீர் மென்னீர்தான். காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கண்டால் விடாது. கரைத்து எடுத்துக்கொண்டே நிலத்துக்குள் இறங்கும். கால்சியம், மெக்னீசியம் இரண்டும் கரைந்த அந்த நீர்தான் கடின நீர்.

அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன தெரியுமா? கிரேட்டேசியக் காலத்தில், டைனோசர்கள் நடமாடிய நாட்களில், அந்த நிலம் கடலடியில் கிடந்தது. அப்போது வாழ்ந்த கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புப் பாறையாயின. அந்தப் பாறையைத் துளைத்துப் போர் போட்டால், ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய சிப்பி உங்கள் டீ டம்ளருக்குள் வருகிறது! யாழ்ப்பாணக் குடாநாடோ முழுக்க முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நிலாவரைக் கிணறு அந்தக் கல் கரைந்து உண்டான பள்ளம்தான்; மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கொங்கு நாட்டில் சுக்கான் கல். கோயம்புத்தூர் வீடுகளில் ‘நல்ல தண்ணி’க்கு ஒரு குழாய், ‘உப்புத் தண்ணி’க்கு ஒரு குழாய் என்று இரண்டு இருப்பதற்குக் காரணம் புரிகிறதா? முதல் குழாயில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறுவாணி. இரண்டாவதில் காலடிப் பாறை.

கடலில் கடினத்தன்மை எவ்வளவு? லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கும் மேலே! அதனால்தான் கடல்நீரில் சாதாரண சோப்பு நுரைப்பதே இல்லை. ஆனால் தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு கடலிலும் நுரைக்கும். கப்பல் மாலுமிகளுக்கென்றே அப்படியொரு சோப்பு விற்றது. நம் தென்னை மரத்தை இன்னொரு முறை கும்பிடலாம்.

சூடு பட்டால் கல் வெளியே வரும்

சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். உப்பும் கொஞ்சம் கூடுதலாகக் கரையும். ஆனால் சுண்ணாம்பு தலைகீழ்! தண்ணீர் சூடாகச் சூடாகக் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறிவிடும். கரைந்திருந்த கல் தன் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். அதனால்தான் மேல்மாடித் தொட்டியில் படிவதைவிட ஹீட்டர் ராடில் பல மடங்கு வேகமாகப் படிகிறது. வெந்நீர்த் தவலையின் அடியில் அடுக்கடுக்காக வெள்ளைப் பொருக்கு கட்டுவதும் இதே காரணத்தால்தான். அந்தப் பொருக்கின் மேல் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து காதை அருகில் கொண்டுபோங்கள். ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்கும். நுண்ணிய குமிழிகள் எழும். கொதித்தபோது போன அதே வாயுதான், கல்லுக்குள் அகப்பட்டிருந்த மிச்சமும் இப்போது வெளியேறுகிறது. ஆந்திராவின் போரா குகைகளில் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் உங்கள் வீட்டுத் தவலைப் பொருக்கும் ஒரே வேதியியல். குகைக்கு டிக்கெட் உண்டு, தவலைக்கு இல்லை.

இந்தப் படிவு சூட்டை மிக மெதுவாகவே கடத்தும். இரும்போடு ஒப்பிட்டால் சுமார் இருபதில் ஒரு பங்கு. ராடு உள்ளே தகிக்கும், தண்ணீருக்குச் சூடு போய்ச் சேராது. கரன்ட் பில் ஏறும், ராடு ஒருநாள் வெடித்துக் கைவிரிக்கும்.

இப்படிக் கொதிக்கவைத்தால் போகும் கடினத்தன்மைக்குத் தற்காலிகக் கடினத்தன்மை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சல்ஃபேட், குளோரைடு வடிவில் இருப்பது எத்தனை கொதித்தாலும் போகாது. அது நிரந்தரக் கடினத்தன்மை.

அடுத்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். சுண்ணாம்பு கலந்த தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுக்க என்ன போட வேண்டும் தெரியுமா? சுண்ணாம்பு! 1841-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க் இதற்குக் காப்புரிமையே வாங்கினார். அளவோடு சுண்ணாம்பு நீர் ஊற்றினால், அது கரைந்திருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து, போட்ட சுண்ணாம்பும் ஏற்கெனவே இருந்த சுண்ணாம்பும் இரண்டுமே கல்லாகி அடியில் படிந்துவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது இதுதான். உலகின் பல பெருநகரக் குடிநீர் நிலையங்கள் இன்றும் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. நெதர்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உயரமான கோபுரத்துக்குள் மெல்லிய மணலைப் போட்டு, கீழிருந்து தண்ணீரை வேகமாக ஏற்றி, காரம் சேர்க்கிறார்கள். மணல் ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பு பூசிப் பூசி ஒரு மில்லிமீட்டர் அளவு உருண்டைகளாக வளர்ந்துவிடும். 1980களின் கடைசியிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தண்ணீர் இப்படி மென்மையாகிறது. உருண்டைகளை அள்ளி விற்றும் விடுகிறார்கள்!

எருக்குழியில் பிறந்த தொழில்நுட்பம்

வீட்டு மாடியில் உருளையாக நிற்கும் வாட்டர் சாஃப்ட்னருக்குத் தாத்தா யார் தெரியுமா? மாட்டு எரு! இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பண்ணையார் ஒருவர், பெயர் தாம்ப்சன், ஒரு சந்தேகத்தில் இருந்தார். வயலில் போட்ட எருவின் அமோனியாச் சத்து முதல் மழையிலேயே அடித்துக்கொண்டு போய்விட வேண்டுமே, ஏன் போகவில்லை? மண்ணை ஒரு குழாயில் நிரப்பி, அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை மேலே ஊற்றிப் பார்த்தார்கள். கீழே சொட்டியதைச் சோதித்தால் அம்மோனியத்தைக் காணோம். சொட்டியது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட்! மண் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குத் தன்னிடமிருந்த கால்சியத்தை விட்டிருக்கிறது. 1850-இல் இது அச்சேறியது. அதைத் தொடர்ந்து தாமஸ் வே என்ற வேதியியலர் மண்ணை மாற்றி மாற்றிச் சோதித்து, இது வடிகட்டல் அல்ல, அளவுக்கு அளவு நடக்கும் பண்டமாற்று என்று காட்டினார்.

பண்டமாற்று என்று தெரிந்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் கான்ஸ் என்ற ஜெர்மானியர், மண்ணில் இந்த வேலையைச் செய்யும் அலுமினோ சிலிக்கேட்டைச் செயற்கையாகவே செய்து, தண்ணீரை மென்மையாக்க விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1935-இல் லண்டனை ஒட்டிய டெடிங்டன் ஆய்வகத்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர், கனிமமே வேண்டாம், செயற்கைப் பிசின் போதும் என்று நிரூபித்தார்கள். உடைந்த கிராமஃபோன் இசைத்தட்டைப் பொடித்துப் பார்த்தபோதுதான் அவர்களுக்கு இது தட்டுப்பட்டது என்று ஒரு கதை உலவுகிறது. கதையாகவே வைத்துக்கொள்வோம். அடுத்து 1944-இல் அமெரிக்காவில் டி’அலேலியோ பாலிஸ்டைரீனில் செய்த ரெசினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உங்கள் சாஃப்ட்னருக்குள் கிடப்பது அதன் வாரிசு.

உருளைக்குள் என்னதான் நடக்கிறது?

மூடியைக் கழற்றிக் கையை விட்டால், தேன் நிறத்தில் பளபளக்கும் உருண்டைகள் விரல் இடுக்கில் நழுவும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் விட்டத்தில்தான் இருக்கும். ஈரமாக இருந்தால் மினுங்கும்; காயவிட்டால் சுருங்கி விரிசல் விடும். ஒரு லிட்டர் ரெசினில் இப்படிப் பல லட்சம் உருண்டைகள். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் எதிர்மின் முனைகள் கோடி கோடியாக, நகர முடியாமல் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் அருகே சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான இரண்டு பேர் இரண்டு சீட்டில் இருக்கிறார்கள். பருத்த பெரியவர் ஒருவர் ஏறுகிறார். இரண்டு பேரும் எழுந்து இறங்க, அவர் இரண்டு சீட்டையும் பிடித்துக்கொள்கிறார். கால்சியத்துக்கு இரட்டை மின்னேற்றம், சோடியத்துக்கு ஒற்றை. ரெசினுக்கு இரட்டை ஏற்றத்தின் மேல்தான் பிடிப்பு அதிகம். எனவே ஒரு கால்சியம் உள்ளே, இரண்டு சோடியம் வெளியே. மெக்னீசியத்துக்கும் இதே நியாயம்.

சரி, எல்லாச் சீட்டும் நிரம்பிவிட்டால்? இங்கேதான் உப்பு. பலரும் நினைப்பதுபோல் உப்பு உங்கள் குளிக்கும் தண்ணீரில் கலப்பதற்காகப் போடப்படுவதில்லை! கெட்டியான உப்புக் கரைசலை ரெசின் வழியே மெதுவாக விடுகிறார்கள். கால்சியத்தின் மேல் ரெசினுக்கு எத்தனை பிடிப்பு இருந்தாலும், சோடியம் கூட்டம் கூட்டமாக வந்து நெருக்கும்போது இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விரட்டப்பட்ட கால்சியமும் மிச்ச உப்பும் சாக்கடைக்கு. நல்ல தண்ணீரில் ஒரு அலசல். ரெசின் மறுபடி புதுசு! ஒழுங்காகப் பராமரித்தால் பத்தாண்டு வரைகூட உழைக்கும். அதன் எதிரிகள் இரண்டு: இரும்பு கலந்த தண்ணீர், அதிகக் குளோரின்.

கணக்குப் பார்க்க ஆசையா? 25 லிட்டர் ரெசின், 500 மில்லிகிராம் கடின நீர் என்றால், தோராயமாக 2,500 லிட்டர் வரை தாங்கும். பிறகு மூன்று கிலோவுக்குக் குறையாமல் உப்பு. சிக்கனக்காரர்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கல்லுப்பு மூட்டையை வாங்கிப் போடுவார்கள். வேலை செய்யும், ஆனால் அதில் மண்ணும், மென்மையாக்க வந்த இடத்தில் இருக்கவே கூடாத கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். டிஷ்வாஷர் வாங்கியவர்கள் அதற்கெனத் தனி உப்புப் பை வாங்கும்போது ‘இது என்ன பகல்கொள்ளை’ என்று முனகுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த இயந்திரத்தின் அடியிலும் குட்டியாக ஒரு சாஃப்ட்னர் ஒளிந்திருக்கிறது, அதற்குத்தான் அந்த உப்பு.

டிடிஎஸ் மீட்டர் சொல்லாத ரகசியம்

இதைப் பலர் நம்ப மறுப்பார்கள்: சாஃப்ட்னர் வழியே வந்த தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு, குறையாது. நூலிழை கூடவே செய்யும்! கல்லை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியம் தருகிறதே, மொத்தம் எப்படிக் குறையும்? ‘சாஃப்ட்னர் போட்டும் மீட்டர் அதே நம்பரைக் காட்டுது, ஏமாத்திட்டாங்க’ என்று சண்டைக்குப் போவது வீண். ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. வீடு தேடி வரும் சில விற்பனையாளர்கள் இரண்டு டம்ளரில் இரு கம்பிகளை விட்டு கரன்ட் பாய்ச்சுவார்கள். உங்கள் குழாய்த் தண்ணீர் அரை நிமிஷத்தில் பழுப்பாகிக் கறுத்துக் குழம்பும். அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். ‘பாருங்கம்மா, இவ்வளவு அழுக்கைக் குடிக்கிறீங்க!’ அம்மா, அது அழுக்கே இல்லை. அவர் விட்ட இரும்புக் கம்பி அரித்த துரு! உப்புள்ள நீரில் மின்சாரம் பாய்கிறது, கம்பி அரிக்கிறது. ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு, மின்சாரம் பாய்வதில்லை. ஒரு சிட்டிகை உப்பை அவர் டம்ளரில் போட்டுவிட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். கடையைக் கட்டிவிடுவார்.

குழாயின் மேல் காந்தம் மாட்டினால் கடினத்தன்மை போய்விடும் என்று இன்னொரு சரக்கு. காந்தம் கால்சியத்தை வெளியே எடுப்பதில்லை. நுழைந்த கால்சியம் அப்படியே வெளியே வரும். படிவு ஒட்டும் விதம் மாறுகிறதா என்று ஆராய்ந்தவர்களின் முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. என் காசை அதில் போடமாட்டேன்.

படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும், கடின நீரை மாற்றும் வேலை அவற்றுடையதல்ல. ஆனால் முருங்கை விதை? 1995-இல் ‘வாட்டர் ரிசர்ச்’ ஆய்விதழில் முருங்கை விதைப் பொடி கடினத்தன்மையைக் குறைப்பதாக ஒரு கட்டுரையே வந்திருக்கிறது! தேவைப்படும் அளவு ஏராளம் என்பதால் சாம்பாருக்கு ஆபத்தில்லை.

நம்மவர் கண்ட வழிகள்

வெள்ளாவி வைத்த சலவைத் தொழிலாளர்கள் துணியை எதில் முக்கினார்கள் தெரியுமா? உவர்மண் கரைத்த நீரில்! அந்த மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். கால்சியத்தைக் கண்டதும் அது சுண்ணாம்பாக்கி அடியில் தள்ளிவிடும், தண்ணீர் மென்னீராகிவிடும். கடையில் விற்கும் சலவை சோடாவும் அதே பொருள்தான். தாமஸ் கிளார்க்கின் காப்புரிமையைப் பற்றிக் கேள்விப்படாமலே ஆற்றங்கரையில் தினமும் தண்ணீரை மென்மையாக்கியவர்களை எந்த வேதியியல் புத்தகமும் பெயர் சொல்லிப் பாராட்டவில்லை. வருத்தம்தான்.

சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு ஆகியவை தரும் நுரை சப்போனின் என்ற பொருளால் வருகிறது. அது சோப்புபோல் கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காவதில்லை. கிணற்று நீர் எத்தனை கடினமானாலும் பாட்டிகளின் எண்ணெய்க் குளியல் நின்றுபோகாததன் காரணம் இதுதான்! ஷாம்பூவும் டிடெர்ஜென்ட் பவுடரும் பிற்பாடு இதையே செயற்கையாகச் செய்தன. பவுடர்களில் கால்சியத்தை மடக்கப் பாஸ்பேட் சேர்த்தார்கள். அது ஏரிகளுக்குப் போய்ப் பாசியை வளர்த்துவிட்டது. பிறகு பல நாடுகளில் பாஸ்பேட் போய் ஜியோலைட் வந்தது. கான்ஸ் செய்த அதே வகைப் பொருள், இப்போது சலவைப் பொடிக்குள்!

‘இந்தத் தண்ணில பருப்பு வேகாது’ என்று மாமியார் சொன்னால் எதிர்த்துப் பேசாதீர்கள், அறிவியல் அவர் பக்கம். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இன்னும் இறுக்கிவிடுகிறது. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் குழைந்துவிடும். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினும் சிதையும். குடிதண்ணீரில் வேகவைப்பது உத்தமம்.

டீயின் மேல் எண்ணெய்ப் படலம்போல் மிதக்குமே, அது என்ன? லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஸ்பைரோ, ஜகன்யி இருவரும் அதைச் சுரண்டி எடுத்து ஆராய்ந்து, 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்! தண்ணீரின் கால்சியமும் பைகார்பனேட்டும் காற்றும் சேர்ந்து தேயிலைச் சத்தை அப்படி ஆக்குகின்றன. மென்னீரில் டீ போட்டால் படலம் இல்லை. எலுமிச்சை பிழிந்தாலும் இல்லை.

ரயிலை நிறுத்திய தண்ணீர்

ஆஸ்திரேலியாவின் நல்லார்போர் சமவெளியில் 478 கிலோமீட்டர் துளி வளைவுகூட இல்லாமல் ஓடும் ரயில்பாதை ஒன்று உண்டு. 1917-இல் திறந்தார்கள். வழியில் நிரந்தரமாக நீரோடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது! நிலமோ சுண்ணாம்புக் கல். கிடைத்த போர் தண்ணீர் அத்தனையும் கடினமும் உவரும். நீராவி எஞ்சின்களின் கொதிகலன்கள் அடைபட்டும் அரிக்கப்பட்டும் ஓயாத தொல்லை. சுத்திகரித்துப் பார்த்தார்கள், தூரத்திலிருந்து தண்ணீர் சுமந்து பார்த்தார்கள். 1951-இல் டீசல் எஞ்சின் வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரரிடம் கேளுங்கள், தண்ணீர் கடினமானால் என்ன நடக்கும் என்று. சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். நேற்றைய நீலமும் இன்றைய நீலமும் ஒன்றுபோல் வராது. ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் ஒன்று 2005-இல் பவானிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குக் குழாய் இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ரெசினைக் கொண்டு ஒரு தனிமத்தையே கண்டுபிடித்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1955-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மெண்டலீவியம் பிறந்தபோது கிடைத்தவை சுமார் 17 அணுக்கள். கிராம் இல்லை, அணுக்கள்! மற்றவற்றிலிருந்து அவற்றைப் பிரித்துக் கொடுத்தது அயனிப் பரிமாற்ற ரெசின். இன்னும் ஆச்சரியம்: சிறுநீரகம் கெட்டு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்ட நோயாளிக்கு மருத்துவர் ஒரு பொடியைக் குடிக்கக் கொடுப்பார். பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட். அடிப்படையில் சாஃப்ட்னர் ரெசினின் உறவுக்காரர்தான். குடலுக்குள் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும்!

முடி கொட்டுவது தண்ணீராலா?

இந்த ஒரு கேள்வியில்தான் சாஃப்ட்னர் வியாபாரமே ஓடுகிறது. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனை ஆய்வாளர்கள் கடின நீரிலும் வடித்தெடுத்த நீரிலும் முடியை முக்கி வைத்து இழுத்துப் பார்த்து, வலுவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2013-இல் எழுதினார்கள். 2018-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு, வலு குறைகிறது என்றது. ஆக, தீர்ப்பு இன்னும் வரவில்லை. முடி பிசுபிசுக்கும், சிக்கு விழும், மங்கும் என்பது வேறு. வேரோடு கொட்டுவது வேறு.

தோலுக்கு? இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்துப் பெரிய சோதனை நடத்தி 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதி வீடுகளில் 12 வாரம் சாஃப்ட்னர் பொருத்தினார்கள். கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. சிறுநீரகக் கல்லையும் கடின நீர் மேலேயே போடுகிறோம். போதிய தண்ணீர் குடிக்காததுதான் அதைவிடப் பெரிய குற்றவாளி. குடிநீரின் கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவையே.

ஊட்டியின் மென்னீரில் குளித்தால் சோப்பு போகவே போகாத மாதிரி வழவழவென்றிருக்குமே! புதிதாகச் சாஃப்ட்னர் மாட்டியவர்களும் முதல் வாரம் இதே புகாரைச் சொல்வார்கள். சொரசொரவென்று தோலில் பிசுக்கு படிவதையே ‘சுத்தம்’ என்று பழகிவிட்டோம்.

அளவுக்கு மிஞ்சி மென்மையானாலும் வம்புதான். கிளாஸ்கோ நகருக்கு 1859-இல் விக்டோரியா மகாராணி திறந்து வைத்த கேட்ரின் ஏரித் தண்ணீர் மிக மென்மையானது. சோப்புச் செலவு குறைந்ததென்று ஊரே கொண்டாடியது. அந்த மென்னீர் வீட்டு ஈயக் குழாய்களை மெல்லக் கரைத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. 1970களின் கடைசியில் தண்ணீரில் சுண்ணாம்பைத் திரும்பக் கலக்க வேண்டியதாயிற்று! கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலும் இதே கதை. எல்லா உப்பையும் நீக்கியபின், குழாயை அரிக்காமலிருக்கக் கால்சியத்தைக் கொஞ்சம் திரும்பச் சேர்க்கிறார்கள்.

வாங்குவதற்கு முன்

மென்மையாக்கிய நீரைக் குளிக்க, துவைக்க, கீசருக்கு, பாத்திரம் கழுவ விடுங்கள். குடிக்க வேண்டாம் என்பேன், குறிப்பாக ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள். 500 மில்லிகிராம் கடின நீரை மென்மையாக்கினால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் சேரும். இரண்டு லிட்டர் குடித்தால் 460. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்சவரம்பே 2,000-க்குக் கீழே! சமையலறைக்குத் தனிக் குழாய் விட்டுவிடுவது நல்லது. செடிகளுக்கும் அந்த நீர் ஆகாது. சோடியம் மண்ணை இறுக்கிவிடும். உப்புக் கழிவு நீரைத் தோட்டத்தில் விடுவது அதைவிட மோசம். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில், ஆற்றில் உப்பேறிக் கீழ்ப்பகுதி விவசாயம் பாதிக்கிறது என்று, உப்புச் சாஃப்ட்னர்களையே நீக்கச் சொல்லி மக்கள் 2008-இல் வாக்களித்தார்கள்.

உங்கள் தண்ணீர் எந்த ரகம் என்று பார்க்க ஒரு எளிய வழி: பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிக் கரைத்த நீரில் சில சொட்டு விட்டு, மூடிக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர். பால் திரிந்த மாதிரி ஆனால் கடின நீர். எண் வேண்டுமென்றால் ஆய்வகம்தான். பொறியியல் முதலாண்டில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு, ஒயின் சிவப்பு எந்தச் சொட்டில் நீலமாகிறது என்று கண் வலிக்கப் பார்த்தீர்களே, அந்த ஈடிடிஏ சோதனைதான் இன்றும் நடப்பு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில் மொத்தக் கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை.

ஆகவே சாஃப்ட்னர் விற்க வருபவர் டிடிஎஸ் மீட்டரை நீட்டினால், ‘அதை வையுங்கள், கடினத்தன்மை எவ்வளவு, இரும்பு எவ்வளவு, சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.